சுவருக்குக் குடிபோன நரம்புகள்

உடையார்குளத்துப் பெண்களின் கால் நரம்புகள் வீட்டுச் சுவர்களுக்குக் குடிபோன வருஷத்தில், சுயம்புக்கனி அந்த ஊர்ப் பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பகுதியில் மூத்த விற்பனைப் பெண்ணாக இருந்தாள். முதல் மாடி முழுக்க இடுப்பு உயரத்துக்கு மேடை போட்டு வெள்ளை மெத்தை விரித்திருக்கும். அதன்மேல் காலையிலிருந்து கடை சாத்தும்வரை வெறுங்காலோடு நின்று, அரக்கும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாகச் சேலைகளை மடிப்பு மடிப்பாக அவிழ்த்து, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டி, வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் அடுத்ததை எடுத்து, அந்த ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் தாலி கட்டிக்கொண்ட பெண்களில் பாதிப் பேருக்கு முகூர்த்தச் சேலை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். வாங்க வருகிறவர்கள் மெத்தையைச் சுற்றித் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவர்களுடைய கண்ணுக்கு நேராக இருந்தது அவள் முகமல்ல, அவளுடைய கணுக்கால்.

அத்தனை வருஷம் நின்ற நிலைக்கு அந்தக் கால்கள் பதில் சொல்லத் தொடங்கியிருந்தன. முதலில் கணுக்காலுக்கு உள்பக்கம் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு, பிறகு அதிலிருந்து கிளைத்த நீலக் கோடுகள், பிறகு முழங்கால் வரைக்கும் பின்னிப் பின்னி ஏறிய வலை. வலி பெரிதாக இல்லை, சாயங்காலங்களில் ஒரு குறுகுறுப்பு மட்டும் இருக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் கல்யாணச் சேலை எடுக்க வந்த கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம்மா, இந்த அத்தை கால்ல சிலந்தி கூடு கட்டியிருக்கு" என்றது. யாரும் சிரிக்கவில்லை. கல்யாணப் பெண் மடியில் கிடந்த சேலையை மெதுவாகத் தள்ளி வைத்தாள், வேறு பக்கம் பார்க்கலாம் என்று கூட்டம் எழுந்து போனது.

அன்றைக்குச் சாயங்காலம் கடை முதலாளி அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டு, "கனி, தப்பா நெனச்சுக்காத, கொஞ்ச நாளைக்குக் கீழ குடோன்ல இருக்கியா?" என்று கேட்டார். குடோனுக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போன யாரும் மேலே திரும்பி வந்ததும் கிடையாது.

அப்படித்தான் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் புதிதாக வந்திருந்த தோல் டாக்டர் எழில்விழியிடம் போனாள். குளிரூட்டிய சின்ன அறையில் அவளைப் படுக்க வைத்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, காலில் குளிர்ந்த பசை தடவினார் டாக்டர். "ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி இருக்கும்மா, அவ்வளவுதான். லேசர் வெளிச்சம் தோலை விட்டுடும், இரத்தக் குழாயை மட்டும் சுட்டு மூடிடும்" என்றார். சுண்டியது. சுண்டச் சுண்ட முடி கருகும் வாசனை லேசாக வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு அவள் கேட்டாள்: "அதுல ஓடிட்டிருந்த இரத்தம் எங்க போவும் டாக்டர்?"

"அது வேற வழி பாத்துக்கும். உடம்புக்கு அதெல்லாம் நாம சொல்லித் தர வேண்டியதில்ல."

சில வாரங்களில் கால் வெளுத்தது. பெண் பார்க்கும் வயசில் இருந்ததைவிடவும் சுத்தமாக, வழவழவென்று, வாழைத்தண்டு போல ஆகிவிட்ட தன் கால்களைச் சுயம்புக்கனி குளியலறையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், மறுநாள் கொலுசு வாங்கிப் போட்டுக்கொண்டு மெத்தை மேல் ஏறினாள். அண்ணாச்சியின் குடோன் பேச்சு அதோடு நின்றது. கடைப் பெண்கள் கழிப்பறையில் அவளைச் சூழ்ந்துகொண்டு காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த மாதம் அவர்களில் சிலர் போனார்கள், பிறகு பள்ளிக்கூட டீச்சர்கள் போனார்கள், பிறகு பெரிய வீட்டுப் பெண்கள் காரில் வந்து இறங்கிப் போனார்கள். ஊரில் நிற்காத பெண் யார் இருந்தாள்? எல்லோர் காலிலும் சிலந்தி இருந்தது.

அவள் வீட்டுச் சுவரில் முதல் கோடு தெரிந்தது ஆவணியில். தெருவைப் பார்த்த முன்னறையில், மகள் ரூபகலாவின் கட்டிலை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. சுயம்புக்கனி விரிசல் என்று நினைத்தாள். குளிர்பானக் கம்பெனி வேன் ஓட்டும் அவள் கணவன் பால்துரை ஓதம் என்று நினைத்தான், விரலால் அழுத்திப் பார்த்தான். அழுத்திய இடம் வெளுத்தது, விரலை எடுத்ததும் மெல்ல மெல்ல மறுபடி சிவந்தது.

"ஏ கனி, இங்க வா. சுவரு சுடுது" என்றான்.

அவள் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் இல்லாத பிள்ளையின் நெற்றி போல வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்புக்கு அடியில், சுண்ணாம்புக்கும் செங்கலுக்கும் உள்ளே, ஏதோ ஒன்று எழுந்து எழுந்து அடங்கியது. அவள் மற்றக் கையைத் தன் நெஞ்சில் வைத்தபோது இரண்டு கைக்கும் ஒரே தாளம் கிடைத்தது. பயத்தில் நெஞ்சு வேகம் பிடிக்க, சுவரும் வேகம் பிடித்தது. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு, உள்ளே போய், அடுப்பைப் பற்றவைத்து, ஒன்றும் ஏற்றாமல் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் கொஞ்ச நாள் ஊரில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அலமாரியை நகர்த்தி மறைத்தார்கள், துணி உலர்த்துகிற சாக்கில் மறைத்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு காய்ந்து பொருக்காக உதிர, அடியில் கோடுகள் முன்னைவிடத் தெளிவாக இருந்தன. பிறகு ஐப்பசி மழை பிடித்ததும் பூனைகள் காட்டிக்கொடுத்தன. தெருப் பூனைகளெல்லாம் குளிருக்கு இதமாக வெளிப்பக்கம் எந்தெந்தச் சுவரை ஒட்டிப் படுத்தனவோ, அந்தந்த வீட்டில் எந்தப் பெண் மருந்துக்கடை மாடிக்குப் போய்வந்தாள் என்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. பூனைகளுக்குப் பிறகு கொசுக்கள். அவை மனிதர்களை விட்டுவிட்டுச் சுவரில் போய் அடை அடையாக உட்கார்ந்தன. பிள்ளைகள் கடியில்லாமல் தூங்கினார்கள், பெண்கள் நாளுக்கு நாள் சோகை பிடித்து வெளுத்தார்கள். ஊரில் இருந்த கொசுவலை எல்லாம் வாங்கித் தீர்த்து, சுவர்களுக்குக் கட்டினார்கள்.

ஒளிக்க முடியாத விஷயத்தோடு ஊர் குடித்தனம் பண்ணக் கற்றுக்கொண்டது. ஆணி அடிப்பது நின்றது. காலண்டர்கள் கதவுக்குப் போயின, சாமி படங்களும் மாதா படங்களும் மெக்கா படங்களும் ஸ்டூல்மேல் சாத்தி வைக்கப்பட்டன. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்க்கிற பாவனையில் எழுந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். வாடகைக்கு வீடு கேட்கிறவர்கள் தண்ணீர் வசதி கேட்பதற்கு முன் சுவரைக் கேட்டார்கள். வசதியுள்ள சிலர் தோட்டத்தில் தனியாக ஒரு சுவரை எழுப்பி, அதற்கு ஓட்டுச் சாய்ப்பு இறக்கி, நரம்பெல்லாம் இங்கே வந்து சேரட்டும் என்று சூடம் கொளுத்திப் பார்த்தார்கள். ஒரு கோடுகூட அங்கே போகவில்லை. ஆள் படுத்துத் தூங்குகிற சுவரை மட்டுமே அவை தேடிப் போயின, தூங்குகிறவர்களுடைய சூட்டை ஒட்டியே படர்ந்தன. அதற்காக டாக்டர் எழில்விழியின் அறை வாசலில் கூட்டம் குறைந்ததா என்றால், இல்லை. காலா சுவரா என்று யோசித்த பெண்கள் காலையே தேர்ந்தெடுத்தார்கள். கால் எப்போதும் கூட வருகிறது, சுவர் வீட்டில்தானே இருக்கிறது என்றார்கள்.

சுயம்புக்கனியால் அப்படி இருக்க முடியவில்லை. மெத்தை மேல் நின்று சேலையை விரிக்கும்போதும் அவள் நினைப்பு சுவரிலேயே இருந்தது. தெருவில் பந்து விளையாடுகிறவர்கள், திருப்பத்தில் தடுமாறும் மணல் லாரி, சுவரில் போஸ்டர் ஒட்ட வருகிறவன், எதை நினைத்தாலும் விரித்த சேலையைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றாள். படிக்கட்டில் வேகமாக ஏறினால் வீட்டில் சுவர் படபடக்கும் என்று ரூபகலா சொன்ன பிறகு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள்.

ரூபகலா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மேற்கொண்டு எதிலும் சேராமல் வீட்டில் இருந்த பெண். அவளுக்குச் சுவரைப் பார்த்துப் பயமில்லை. கட்டிலை அங்கிருந்து நகர்த்தச் சொன்னாலும் கேட்கவில்லை. "நீ கடையில இருக்கும்போது இது துடிச்சிட்டே இருக்கும்மா. நீ சாப்பிட உக்காந்தா மெதுவாவும். எனக்கு அது தெரியும்" என்றாள். "நீ வீட்டுல இருக்க மாதிரியே இருக்கு."

"அதுல முதுகு படாமப் படு ஏட்டி" என்றாள் அம்மா.

மார்கழியில் பஸ் கம்பெனிக்காரர் வீட்டு மருமகள் ரேணுகா செத்துப்போனாள். அவர்கள் வீட்டில் ஏசி மாட்ட வெளியூரிலிருந்து ஆள் வந்திருந்தான், அவனுக்கு உடையார்குளத்துச் சங்கதி எதுவும் தெரியாது. படுக்கையறைச் சுவரில் வெளிப்பக்கமிருந்து துளை போட்டான். ரேணுகா அப்போது கல்யாண மண்டபத்துப் பந்தியில், சுயம்புக்கனிக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். நொறுக்கிய கை அப்படியே நின்றது. உதடு வெளுத்தது, காது வெளுத்தது, நகக்கண் வெளுத்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இலையில் ஒரு சொட்டு இல்லை. "குளிருது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு இலைமேல் சாய்ந்தாள். அங்கே வீட்டில் ஏசி மாட்ட வந்தவன் தன் சட்டையைக் கழற்றித் துளைக்குள் திணித்துக்கொண்டு, யாராவது வாங்க, யாராவது வாங்க என்று கத்திக்கொண்டிருந்தானாம், சட்டை நனைந்து அவன் முழங்கை வழியாகத் தரையெல்லாம் ஓடியதாம். வழக்கு என்று எழுதவும் ஒன்றுமில்லை, தண்டிக்கவும் யாருமில்லை. அவன் மட்டும் அடக்கம் முடிகிறவரை மயானத்து வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க வெளிச்சுவர்களில் பெரிய எழுத்தில் எழுதினார்கள்: இங்கே துளையிடாதீர், உயிர் இருக்கிறது. பால்துரையும் எழுதினான். எழுதிக்கொண்டிருந்தபோது 'உயிர்' என்ற சொல் கோணலாக விழுந்துவிட்டது. அதை அழித்து எழுத அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தை பிறந்ததும் சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்தார்கள். வந்தவர்கள் நல்ல மாதிரிதான், வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், எழுதியிருந்ததைப் படித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாடாவைப் பிடித்து அளந்து, அந்த வரிசையில் எல்லா வீட்டின் முன்னறை வெளிச்சுவரிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு அம்புக்குறி போட்டார்கள். சுயம்புக்கனி வீட்டில் அம்புக்குறி விழுந்த இடத்துக்கு நேர் உள்ளே ரூபகலாவின் கட்டில் கிடந்தது. மாசி கடைசிக்குள் இடித்துவிடுவோம், சாமான்களை எடுத்துவிடுங்கள் என்று சொன்னார்கள்.

"சாமான எடுத்துருவோம் சார்" என்றான் பால்துரை. "சுவத்துக்குள்ள இருக்கத எப்படி எடுக்க?"

"எங்களுக்குப் புரியுது. ஆனா மேல நாங்க அதை என்னன்னு எழுதுவோம்?" என்று அந்த மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

அவள் டாக்டரிடம் ஓடினாள், ரூபகலாவும் கூடப் போனாள். அந்த ஒரு வருஷத்தில் டாக்டர் எழில்விழிக்கு முன்நெற்றி நரைத்திருந்தது. ரேணுகாவின் காலைச் சுட்டதும் அவர் கைதான். "மிஷினைத் தூக்கிட்டு வந்து சுவத்துல அடிக்கலாம்மா. அடிச்சா அங்கிருந்தும் அது வேற எங்கயாவது போகும். எங்க போகும்னு எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குப் போகலாம், ரோட்டுக்குப் போகலாம்" என்றார்.

"என் கால்லயே திருப்பி வரவழைச்சிருங்க டாக்டர். சிலந்தியோட இருந்துட்டுப் போறேன். குடோன்ல இருந்துக்கிடுதேன்."

"நான் மூடின வழி மூடினதுதான்மா. அது திறக்காது."

ரூபகலா கேட்டாள்: "மூடாத ஆளு யாராவது சாஞ்சா?"

டாக்டர் மேஜை மேலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

சுயம்புக்கனி அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டிலை நகர்த்திவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் வழித்துச் செருகி, இரண்டு காலையும் சுவரில் ஒட்ட வைத்துக்கொண்டு படுத்தாள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்க அப்படிக் கிடந்தாள். சுவரின் துடிப்பு அவள் குதிகாலில் தட்டியது, கெண்டைக்காலில் தட்டியது, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று திரும்பிப் போகிற விருந்தாளி போல ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போனது. தன் இரத்தத்துக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் சுவர் படபடக்கிறதே என்று அழுகையையும் அடக்கிக்கொண்டாள். தெரு முனையில் மஞ்சள் நிற இயந்திரம் வந்து நின்றிருந்தது, முதலில் கோடில்லாத வீடுகளை இடிக்கிற சத்தம் தரை வழியாகவே கேட்டது. அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது.

லீவு முடிந்ததும் அண்ணாச்சி ஆள் அனுப்பிவிட்டார், முகூர்த்த நாள் நெருக்கம். அவள் போகமாட்டேன் என்றாள்.

"போயிட்டு வாம்மா" என்றாள் ரூபகலா. "நான் வீட்டுலதான இருக்கேன். யாராச்சும் வந்தா போன் பண்ணுதேன்."

அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் மெத்தை மேல் நின்றபோது சுயம்புக்கனிக்கு ஏதோ இதமாக இருந்தது. யாரோ தன் கையைப் பிடித்துக்கொண்டு, வழுக்கல் தரையில் பார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவது போல. பயந்து பயந்து களைத்துப் போனதால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மதியம் மின்சாரம் போய்க் கடையில் வியாபாரம் நின்றதால் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். முன்னறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். சுவர் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பின் வெள்ளை, வெறும் சுவரின் வெள்ளை. கையை வைத்தாள், குளிர்ந்திருந்தது. நெற்றியை வைத்தாள், காதை வைத்தாள், உள்ளே ஒன்றுமில்லை. அவள் வாய்விட்டுச் சாமியைக் கூப்பிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, கால் திறந்துகொண்டுவிட்டது, வந்துவிட்டது என்று சேலையை வழித்துப் பார்த்தாள். கால் வாழைத்தண்டு போல இருந்தது. இந்தக் கால், அந்தக் கால், கணுக்கால், தொடை, எங்கும் ஒரு கோடு இல்லை.

அடுப்படியில் ரூபகலா அம்மாவுக்குத் தேயிலை போட்டுக்கொண்டிருந்தாள். பின்னலை முன்பக்கம் எடுத்துப் போட்டிருந்தாள். சுடிதாரின் கழுத்துக்கு மேலே, பிடரியில், மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு ஏறிக் காதுமடலுக்குப் பின்னால் போய் மறைந்தது.

சுயம்புக்கனி அவளைத் திருப்பி நிறுத்தி, கொக்கிகளைக் கழற்றிப் பார்த்தாள். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அந்தப் பிள்ளையின் முதுகில் வலை பின்னிக் கிடந்தது. தன் கணுக்காலில் இருந்த அதே வலை, அதே கிளை, அதே நீல முடிச்சு, பெரிதாக, உயிரோடு, தன் நெஞ்சு எழும்போது எழுந்து, அடங்கும்போது அடங்கியது.

"வலிக்கல. குறுகுறுங்கு. எறும்பு ஊருத மாதிரி" என்றாள் ரூபகலா, முகத்தைத் திருப்பாமல். "நீ போனப்பெறவு தெனமும் சட்டையக் கழட்டிட்டு சாஞ்சேன். என்கிட்ட உடனே வந்துட்டும்மா. எப்படா கூப்பிடுவான்னு இருந்த மாதிரி."

அம்மாவின் கை ஓங்கியது. ஓங்கிய இடத்திலேயே நின்றது. அடிக்க முடியாது. அந்த முதுகில் இனி யாரும் அடிக்க முடியாது, ஒரு முள் கீறக் கூடாது, ஒரு பஸ் கம்பி இடிக்கக் கூடாது. அவள் ஓங்கிய கையை இறக்கி, கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை.

மறுநாள் இயந்திரம் வந்தது. இயந்திரத்தை ஓட்டி வந்தவன் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி நின்றான், தன்னால் முடியாது என்றான். பால்துரைதான் போய் அவன் தோளில் கைவைத்து, "ஒண்ணும் இல்லப்பா, காலியாயிட்டு, இடி" என்று சொன்னான். சொன்னவன் குரல் செத்திருந்தது. தெருவே நின்று பார்த்தது. முதல் இடியில் எல்லோரும் சுயம்புக்கனியின் முகத்தைப் பார்த்தார்கள், இரண்டாவது இடியில் அவள் காலைப் பார்த்தார்கள். சுவர் தூசியாக விழுந்தது, செங்கல் செங்கலாக இருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவள் மகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்து முதுகை மறைத்துக்கொண்டு நின்றாள். அப்படி மறைத்ததில்தான் ஊருக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இடிபட இருக்கிற வீட்டுக்காரர்கள், விற்க இருக்கிற வீட்டுக்காரர்கள், வெறுமனே பயந்தவர்கள். முதலில் எப்படிச் சாய்ந்தாள் என்று கேட்டார்கள். பிறகு யார் சாயலாம் என்று கேட்டார்கள். சில வீடுகளில் தூரத்துச் சொந்தத்தில் கதியற்ற பெண்களைக் கூட்டிவந்து சோறு போட்டுச் சுவரில் சாய வைத்ததாகப் பேச்சு அடிபட்டது. சுவர் அவர்களைத் தீண்டவில்லை, பெற்ற பிள்ளையை விட்டால் அது யாரிடமும் போகவில்லை என்றும், இல்லை இல்லை, பழகிய முதுகாக இருந்தால் போகும் என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு சாயங்காலம் நன்றாக உடுத்திய மூன்று பேர் தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். இடித்தது போக மிச்சமிருந்த அறையில் சம்பந்தம் பேச வந்தவர்கள் போல உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்த பெண்மணி மிகவும் பணிவாக, "ஒங்க பொண்ணு ஏற்கெனவே சாஞ்ச பொண்ணு. எங்க வீட்டுச் சுவத்துலயும் கொஞ்சம் சாஞ்சு கொடுத்தா, எங்க மருமவ பொழச்சுக்கிடுவா" என்றாள்.

பால்துரை கல்யாணமான நாளிலிருந்து யாரிடமும் சத்தமாகப் பேசினவனில்லை. அன்றைக்கும் சத்தமாகப் பேசவில்லை. தாம்பாளத்தை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தான், செருப்பைத் திருப்பி வைத்தான், அவர்கள் படியிறங்கும் வரை நின்றான், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றான்.

"அவ இங்க இருக்கக் கூடாது, கனி" என்றான். "நாளைக்குத் தாம்பாளத்தோட வரமாட்டாங்க."

ரூபகலாவை மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நர்சிங் படிக்கச் சேர்த்தார்கள். பஸ் ஏற்றிவிட்ட அன்று சுயம்புக்கனி நெஞ்சில் கைவைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டில் நின்றாள். பஸ் ஊர் எல்லை தாண்டும்போது ஏதோ ஒன்று இழுபட்டு இழுபட்டு அறுந்துவிடும் என்று எதிர்பார்த்தாள். அறுபடவில்லை. நூல்கண்டு உருண்டு போவது போல நீண்டுகொண்டே போனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் இரண்டு பேருக்காக மூச்சு விடக் கற்றுக்கொண்டாள். படியில் ஓடமாட்டாள். சண்டை நடக்கிற தெருவில் போகமாட்டாள். பட்டாசு வெடிக்கிற நாளில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். எங்கேயோ ஒரு வகுப்பறையில் ஒரு பெண்ணின் முதுகு பதறக்கூடாது என்று தன் பயங்களையெல்லாம் வரும் வழியிலேயே நிறுத்தி வைப்பாள், அவை வெளியே நின்றுகொண்டே இருக்கும். உடையார்குளத்துச் சுவர்களில் இப்போதும் கொசுவலைகள் தொங்குகின்றன. டாக்டர் எழில்விழி அறையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார், அந்த அறைக்கு வேறொருவர் வந்துவிட்டார், கூட்டம் இருக்கிறது.

வைகாசியில் ஒரு காலை, கடை நிறையக் கூட்டம். கல்யாணப் பெண் வீட்டார் மெத்தையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுயம்புக்கனி ஒரு மயில்கழுத்து நிறச் சேலையை உதறி விரித்தாள். சேலை காற்றில் இருக்கும்போதே அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. அவள் எதற்கும் பயந்திருக்கவில்லை. கடையில் எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் நெஞ்சு ஓடியது, யாரோ துரத்த ஓடுகிறவளின் நெஞ்சு போல, மேலே மேலே ஏறிக்கொண்டு போனது, கைவிரல்கள் சில்லிட்டன, சேலை நழுவிக் கால்மேல் விழுந்தது. இதுவரைக்கும் தன் பயம்தான் அங்கே போகும் என்று நினைத்திருந்தவளுக்கு, அங்கிருந்தும் இங்கே வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. மணி அடித்தது, அடித்து நின்றது. மறுபடி போட்டாள். அண்ணாச்சி படியேறி வந்து நின்று பார்த்தார். மூன்றாவது தடவை ரூபகலா எடுத்தாள், மறுமுனையில் மூச்சு இரைத்தது, பேச்சு வரவில்லை.

"ஏட்டி. நான்தான்."

"எம்மா." மறுபடி மூச்சு. "ஒண்ணுமில்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில நாய்ங்க. தொரத்திட்டு. கேட்டுக்குள்ள வந்துட்டேன்."

"முதுகு?"

"ஒண்ணும் ஆகல. விழல."

"சரி. எங்கயாச்சும் உக்காரு."

"கிளாசுக்கு நேரமாச்சும்மா."

"உக்காரு. நானும் உக்காருதேன்."

அவள் உட்கார்ந்தாள். வெள்ளை மெத்தையின் நடுவில், கல்யாண வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்க, காலை நீட்டிப் போட்டு, போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்தாள். அங்கே ஒரு சிமெண்டுப் படிக்கட்டில் அந்தப் பிள்ளை உட்காருகிற சத்தம் கேட்டது. பெண் வீட்டாரில் யாரோ ஏதோ கேட்டார்கள், அண்ணாச்சி அவர்களைக் கையமர்த்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இன்னும் மெதுவாக மூச்சை இழுத்து விட்டாள், அங்கே அது இறங்கியபோது இங்கே இறங்கியது, இங்கே இறங்கியபோது அங்கே இறங்கியது.

"எம்மா, போதும். சரியாயிட்டு" என்றாள் ரூபகலா.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் சுயம்புக்கனி.